தஞ்சை விமானம் பொறித்த ஆயிரம் ரூபாய்த் தாள்

நம் மயூர் விஹாரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தார் சென்ற ஆண்டு வீடு மாறினர். பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டிகளை இறக்கித் தூசு தட்டியபோது, காலஞ்சென்ற பெரியவர் ஆண்டுதோறும் வாங்கிச் சேர்த்த பஞ்சாங்கங்கள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. அவற்றுள் பிங்கள ஆண்டுப் பஞ்சாங்கத்தின் நடுவே, இரண்டாக மடித்த ஒரு பெரிய தாள் இருந்தது. முன்புறத்தில் அசோகத் தூணின் சிங்கங்கள். பின்புறத்தில் தஞ்சைப் பெருவுடையார் கோயில். ஆயிரம் ரூபாய் நோட்டு. இந்நாளைய இளைஞர் கண்டறியாத நோட்டு.

"இதற்கு இப்போது என்ன விலை வரும்?" என்பதுதான் அவ்வீட்டார் நம்மிடம் கேட்ட முதற் கேள்வி. இக்கேள்வியை நாம் முதன்முறையாகக் கேட்கவில்லை. ராமகிருஷ்ணபுரத்திலும் சரோஜினி நகரிலும் அரசாங்க வீடுகளில் வாழ்ந்து, ஓய்வுபெற்றபின் யமுனையைக் கடந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுடைய பெட்டிகளில் பழைய ஒரு ரூபாய் நோட்டுகளும், ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த நோட்டுகளும் இல்லாமற் போவதில்லை. பழையது என்றாலே இலட்சங்கள் பெறும் என்ற எண்ணமும் எங்கும் பரவியிருக்கிறது. ஆகவே இம்மலரில் அப்பொருள் பற்றிச் சிறிது எழுதலாமென எண்ணினோம்.

இந்நாட்டில் தாட்பணத்தின் வரலாறு நாணயத்தின் வரலாற்றைப்போல நெடியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் தனியார் வங்கிகள் நோட்டு வெளியிட்டன. பின்னர் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் வெளியிட்டன. சென்னை வங்கி 1843இல் தோன்றியது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையை வங்கிகளிடமிருந்து எடுத்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. முதலில் வந்தவை விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய, ஒருபுறம் மட்டும் அச்சிட்ட தாள்கள். கள்ள நோட்டு மலிந்தமையால் அவற்றை மீட்டுக்கொண்டு, 1867இல் வேறு வகை நோட்டுகளைக் கொணர்ந்தனர். அக்காலத்து நோட்டு எந்த வட்டத்தில் வெளியிடப்பட்டதோ அந்த வட்டத்தில்தான் பணமாக மாறும். சென்னை வட்டத்து நோட்டைக் கல்கத்தாவில் நீட்டினால், பெற்றுக்கொள்ள வேண்டுமென்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. 1903க்கும் 1911க்கும் இடையே ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் ஒவ்வொன்றாக நாடெங்கும் செல்லுபடியாயின.

வழிக்கொள்ளைக்கு அஞ்சிய வணிகர் ஒரு வழி கண்டிருந்தனர். நோட்டை நடுவே வெட்டி, ஒரு பாதியைத் தபாலில் அனுப்புவர். அது சேர்ந்ததென்று மறுமொழி வந்தபின் மறுபாதியை அனுப்புவர். பெற்றவர் இரண்டையும் ஒட்டிப் பணமாக்குவார். இவ்வாறு ஒட்டிய நோட்டுகளும், துணையைப் பிரிந்து தனித்து நின்றுவிட்ட அரை நோட்டுகளும் இன்று சேகரிப்பாளரிடையே மதிப்புடையவை. தமிழில் செல்லாக் காசு என்று இகழ்கிறோமே, அத்தகைய பாதித் தாளுக்கும் ஒரு காலம் வருகிறது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். அரசாங்கம் வெளியிட்ட தாள் அரசாங்கத்திடமே மீள வேண்டும் என்பதே அதன் இயல்பு. அழுக்கடைந்த நோட்டு வங்கிக்குத் திரும்புகிறது. அங்கே எண்ணி அழிக்கப்படுகிறது. அவ்வாறு திரும்பாமல் தவறிப்போனதுதான் சேகரிப்பாளன் கைக்கு வருகிறது. ஆகவே ஒரு நோட்டின் விலையை அறிய வேண்டுமாயின், அதன் வயதைக் கேட்பதிற் பயனில்லை. அதன் உடன்பிறந்தவை எத்தனை வீடு திரும்பவில்லை என்று கேட்டல் வேண்டும்.

அந்தக் கேள்வியோடு தஞ்சை நோட்டிடம் வருவோம். 1946 ஜனவரி 12ஆம் நாள், போர்க்காலத்துக் கள்ளச் சந்தைப் பணத்தைப் பிடிப்பதற்காக, ஐந்நூறும் அதற்கு மேலுமான நோட்டுகள் செல்லாவென ஆங்கில அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்தது. 143.97 கோடி ரூபாய் மதிப்புள்ள நோட்டுகளில் ஏறத்தாழ 134.9 கோடி மாற்றப்பட்டுவிட்டது, 9.07 கோடி மட்டும் திரும்பவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 1954இல், சுதந்திர இந்தியாவின் ரிசர்வ் வங்கி மீண்டும் பெருநோட்டுகளை வெளியிட்டது. பதினாயிரத்தில் சிங்கத் தூண். ஐயாயிரத்தில் பம்பாயின் இந்திய வாயில். ஆயிரத்தில் தஞ்சைக் கோயில்.

அந்தத் தேர்வு தற்செயலாக அமைந்ததோ, எண்ணிச் செய்ததோ, பொருத்தமானதென்பது நம் கருத்து. இராசராசன் 1010இல் முடித்த அக்கோயில் வழிபாட்டுத் தலம் மட்டுமன்று, பெரியதொரு பண்டாரமுமாகும். அதன் கல்வெட்டுகளைப் படிப்போர், கோயிற்குக் கொடுக்கப்பட்ட காசுகளை ஊர்ச் சபையார் வட்டிக்குப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசையாகச் செலுத்தியதைக் காண்பர். நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி! இன்றைய நிலையான வைப்புக்குக் கிடைப்பதை எண்ணி நம் ஓய்வூதியர் பெருமூச்சு விடுவர். பணத்தைப் பற்றிய கணக்குகளையே மதிலிலும் தளத்திலும் வெட்டிவைத்த கோயில் பணத்தாளின்மேல் ஏறியது முறையே. கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி அரசாங்கம் 2010ஆம் ஆண்டு குறித்த ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம் ஒன்றையும் வெளியிட்டது. ஆயிரம் என்ற எண் அவ்விமானத்தை விட்டு நீங்குவதாக இல்லை.

தஞ்சை நோட்டின் வாழ்வு இருபத்து நான்கு ஆண்டோடு முடிந்தது. முடிந்த கதை தில்லித் தமிழர் கேட்கத் தக்கது.

1978 ஜனவரி 14, சனிக்கிழமை, பொங்கல் வேளை. பம்பாயில் ரிசர்வ் வங்கியின் தலைமைக் கணக்கர் அலுவலகத்தில் மூத்த அதிகாரியாக இருந்த ஆர். ஜானகிராமன் என்பாருக்குத் தில்லியிலிருந்து தொலைபேசி வந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு குறித்து அவசரமாகப் பேச வேண்டும், புறப்பட்டு வருக என்றனர். அவரும் அத்துறையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியம் என்பாரை உடனழைத்துக்கொண்டு வந்தார். வந்து இறங்கியபின்தான் உண்மை வெளிப்பட்டது: ஆயிரம், ஐயாயிரம், பதினாயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவிக்க அரசாங்கம் முடிவு செய்திருக்கிறது, அதற்கான அவசரச் சட்டத்தை ஒரே நாளில் எழுதித் தர வேண்டும். பம்பாயிலுள்ள தம் தலைமை அலுவலகத்தோடு அவர்கள் ஒரு சொல்லும் பேசலாகாது. எழுதுவதற்கு முன்மாதிரி வேண்டுமே என்று 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் படி ஒன்றைக் கேட்டுப் பெற்றார்கள். வரைவு முடிந்து, 16ஆம் நாள் விடியற்காலையில் குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டியின் கையொப்பத்திற்குச் சென்றது. காலை ஒன்பது மணிச் செய்தியில் வானொலி நாட்டுக்கு அறிவித்தது. இவையெல்லாம் ரிசர்வ் வங்கியின் வரலாற்று நூலிலேயே பதிவானவை. அப்போதைய கவர்னர் ஐ. ஜி. பட்டேல் இத்தகைய முயற்சியால் பெரும்பயன் விளையாதென்ற கருத்துடையவர். பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பிலும் அவ்வாறே எழுதினார்.

மறுநாள் வங்கிகள் மூடப்பட்டன. நோட்டை மாற்றிக்கொள்ள ஜனவரி 19 வரை தவணை. கையில் நோட்டு எப்படி வந்தது, ஏன் வைத்திருந்தோம் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அதற்கும் பிந்தியவர் 24ஆம் தேதிக்குள் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான். 2016இல் ஐம்பது நாள் தவணை போதவில்லையென்று வரிசையில் நின்ற நாம், எட்டு நாளில் என்ன செய்திருப்போமென்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் பெரியவரின் நோட்டு ஏன் மீளவில்லை? அவ்வீட்டில் இதற்கு இரண்டு விடைகள் உள. மூத்த மகன் சொல்வது ஒன்று: மகள் திருமணத்துக்காகச் சேம நிதியில் முன்பணம் பெற்றிருந்தார் தந்தையார், அதில் ஒரு தாள் மிச்சம், பொங்கலுக்குப் பாபநாசத்துக்கு அருகிலுள்ள ஊருக்குச் சென்றவர் திரும்பி வருவதற்குள் 19ஆம் தேதி கடந்துவிட்டது, அரசாங்க ஊழியர் ஒருவர் ஆயிரம் ரூபாய் நோட்டுக்கு விளக்கம் எழுதினால் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று அஞ்சி வாளாவிருந்தார். மகள் சொல்வது வேறு: அப்பாவுக்கு அந்தக் கோயில் என்றால் உயிர், படத்துக்காகவே எடுத்து வைத்தார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இழந்த பணத்தை இழப்பென்று வீட்டாரிடம் சொல்ல மனமில்லாத தந்தை, கோயிலுக்காக வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம் என்பது நம் ஊகம். அந்நாளில் பத்துக் கிராம் பொன் எழுநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. ஆயிரம் ரூபாய் என்பது ஒன்றரைச் சவரனுக்குக் குறையாத பொன். கலியாண வீட்டில் அஃது எத்தகைய இழப்பென்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி விலையைப் பற்றிப் பேசலாம். தஞ்சை நோட்டு முகமதிப்பினும் பன்மடங்கு விலைக்குப் போகிறது என்பது மெய். ஆயினும் எல்லாத் தஞ்சை நோட்டும் ஒன்றல்ல. சேகரிப்பாளன் முதலில் நோக்குவது கவர்னரின் கையொப்பத்தை. 1975ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஆகஸ்ட் வரை மூன்றே மாதம் கவர்னராயிருந்த என். சி. சென்குப்தாவின் கையொப்பம் வேறெந்த மதிப்பு நோட்டிலும் இல்லை. இந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் மட்டுமே உண்டு. கவர்னர்களின் கையொப்பங்களை வரிசையாகச் சேர்ப்பவர் எவராயினும் தஞ்சைக் கோயிலின் வாயிலுக்கு வந்தே ஆகவேண்டும். அவருக்குப் பின்வந்த கே. ஆர். பூரியின் கையொப்பம் உள்ளவை அத்துணை அரியவை அல்ல. நம் பெரியவரின் நோட்டில் இருப்பது பூரியின் கையொப்பம். பூதக்கண்ணாடியோடு சுற்றி நின்ற குடும்பத்தார் முகம் சற்றே வாடியதை நாம் கண்டோம்.

அடுத்து நோக்குவது தாளின் நிலை. மடிப்பில்லாத புதுத் தாளுக்கும் நடுவே ஒரு மடிப்பு விழுந்த தாளுக்கும் விலையில் பாதிக்குப் பாதி வேறுபாடு உண்டாகலாம். வங்கிக்காரர் கட்டுகளை ஊசியால் தைத்த காலத்துத் துளைகள், எண்ணியவர் பென்சிலால் எழுதிய குறிப்புகள், துரு, எண்ணெய்க் கறை ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். இதனினும் பெரிய தீங்கு அன்பினால் விளைவது. மடிப்பை நீக்க இஸ்திரி போடுவோர், சோப்பு நீரில் அலசுவோர், கிழிசலை ஒட்டுத்தாளால் ஒட்டுவோர், ஒளி மங்காதிருக்கப் பிளாஸ்டிக்கில் லாமினேட் செய்வோர் ஆகிய இவர்கள் செய்யும் கேட்டைத் தில்லியின் கோடையும் கறையானும் செய்வதில்லை. தாளைத் தொடாமல் பாலியெஸ்டர் உறையில் இட்டு, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் கிடையாக வைத்தலே போதும்.

இனி 2016இல் செல்லாதென அறிவித்த ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளை மறைவாக வைத்திருப்போர் சிலர் நம்மிடையே இருக்கலாம். பேரன் காலத்தில் பொன்னாகும் என்ற நம்பிக்கை. நம் கணக்கைக் கேளுங்கள். அந்த நவம்பரில் செல்லாமற் போனவை 15.41 லட்சம் கோடி ரூபாய், அவற்றில் 15.31 லட்சம் கோடி திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தது. திரும்பாதது ஏறத்தாழ 10,720 கோடி. மிகச் சிறிய பங்கென்று தோன்றும். ஆனால் அவை அனைத்தும் ஆயிரம் ரூபாய்த் தாள்களே என்று கொண்டாலும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட தாள்கள் வெளியே நிற்கின்றன! இவ்வளவு மலிந்த பொருளை எவர் விலை கொடுத்து வாங்குவார்? அன்றியும், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருத்தல் குற்றம். ஆராய்ச்சிக்கும் நாணயவியலுக்கும் இருபத்தைந்து வரை இசைவு. மீறினால் பதினாயிரம் ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பில் ஐந்து மடங்கு, இரண்டில் எது மிகுதியோ அது தண்டம். 1978ஆம் ஆண்டுச் சட்டமோ பெருநோட்டுகளைக் கைமாற்றுவதையே விலக்கியது. எனினும் ஏலங்களில் அவை வெளிப்படையாக வந்துபோவதைக் காண்கிறோம். விற்க எண்ணுவோர் சட்டம் அறிந்தவர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

உண்மையில் பெருவிலை பெற்றவை எவை? 1959இல் மெக்கா யாத்திரை செல்வோருக்கென்று ரிசர்வ் வங்கி தனியே பத்தும் நூறும் ரூபாய் நோட்டுகள் வெளியிட்டது. எண்ணுக்கு முன்னால் 'எச் ஏ' என்ற எழுத்துகள் இருக்கும், இந்தியாவுக்குள் செல்லா. பாரசீக வளைகுடா நாடுகளுக்கென 'இசட்' எழுத்துடன் வேறு நோட்டுகளும் வந்தன. யாத்திரை நோட்டுகள் அனைத்தும் அரபு நாட்டில் மாற்றப்பட்டு மீண்டு வந்து அழிந்தன. தப்பியவை மிகச் சில. அவற்றுள் நூறு ரூபாய்த் தாளொன்று 2024இல் லண்டன் ஏலத்தில் ஐம்பத்தாறு லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. அதே ஆண்டு, 1918 ஜூலை 2இல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட 'ஷிராலா' என்ற கப்பலிலிருந்து கரையொதுங்கிய பத்து ரூபாய் நோட்டுகள் இரண்டும் அங்கே ஏலத்துக்கு வந்தன. பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த கட்டுகள் அவை. மீட்டவற்றை அழித்துவிட்டதாகவே அதிகாரிகள் எண்ணினர். இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டுத்தான் நம் வீடுகளில் உள்ள எல்லாப் பழந்தாளுக்கும் நாம் கனவு விலை வைக்கிறோம்.

அந்தக் கனவைத்தான் கயவர் பயன்படுத்திக்கொள்கின்றனர். பஞ்சாங்க நோட்டின் படத்தை அவ்வீட்டு இளைஞர் நண்பர்களுக்கு அனுப்பிய சில நாளில், தொலைபேசியில் ஒருவர் பேசினார். இந்நோட்டுக்குப் பதினைந்து லட்சம் தருவதற்கு ஆள் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கட்டணமாக ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் மட்டும் முன்னதாக அனுப்புக என்றார். பணம் அனுப்பத் தொடங்கிய வேளையில்தான் அவ்வீட்டு மருமகள் தடுத்து நம்மிடம் கேட்கச் சொன்னார். பழைய நோட்டு வாணிகத்தில் தனக்குத் தொடர்பில்லை, கட்டணமோ தரகோ தான் கேட்பதில்லை, தன் பெயரில் கேட்க எவருக்கும் அதிகாரம் அளித்ததுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. விற்பவன் பணம் கட்டும் வாணிகம் உலகில் இல்லை.

பிள்ளைகளுக்குச் சேகரிக்கும் ஆவல் பிறந்தால், ஒரு ரூபாய் நோட்டிலிருந்து தொடங்கச் சொல்வோம். அது ரிசர்வ் வங்கியின் தாளன்று. இந்திய அரசாங்கத்தின் தாள். கவர்னர் அதில் கையொப்பமிடார். நார்த் பிளாக்கில் அமர்ந்திருந்த நிதிச் செயலாளரே இட்டனர். 1949இல் வந்த முதல் சுதந்திர நோட்டில் கே. ஆர். கே. மேனனின் கையொப்பம், பின்னர் எஸ். பூதலிங்கம், எஸ். ஜகந்நாதன், எஸ். வெங்கிடரமணன் என நம் செவிக்குப் பழகிய பெயர்கள். ஜகந்நாதனும் வெங்கிடரமணனும் பிற்காலத்தில் கவர்னர்களாகி மற்ற நோட்டுகளிலும் கையொப்பமிட்டனர். 1994இல் நின்ற ஒரு ரூபாய் நோட்டு 2015இல் மீண்டும் வந்தது. நூறு ரூபாய் கைச்செலவில் ஒரு சிறுவன் இவற்றுள் சிலவற்றைச் சேர்த்துவிடலாம். கையொப்பத்தைத் தேடும்போது நோட்டின் பின்புறத்தில் தமிழ் எந்த வரியில் நிற்கிறதென்பதையும் அவன் காண்பான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தில்லியில் தமிழெழுத்துக் கற்பிக்க இதனினும் எளிய ஏடு நாம் கண்டதில்லை.

பெரியவரின் நோட்டுக்குத் தரியாகஞ்சில் ஒருவர் சொன்ன விலை, சென்னையில் மற்றொருவர் சொன்ன விலையிற் பாதி. இரண்டும் அந்த ஒன்றரைச் சவரனின் இன்றைய விலைக்கு எட்டவில்லை என்று அவ்வீட்டு அம்மையார் கணக்கிட்டுக் கூறினார். மகனுக்கு விற்க விருப்பம், மகளுக்கு இல்லை. சில வாரங்கள் அவ்வீட்டில் இதுவே பேச்சாயிருந்தது. முடிவில் மகள் அதைத் தன் பங்காகக் கேட்டுப் பெற்றார். அவருடைய திருமணத்துக்கென்று எடுத்த பணத்தின் மிச்சமல்லவா அது! இப்போது அது பாலியெஸ்டர் உறைக்குள், அதே பிங்கள ஆண்டுப் பஞ்சாங்கத்தில், தை மாதப் பக்கத்தில் இருக்கிறது. இவ்வாண்டு விழாவன்று அதைக் கொணர்ந்து காட்டுவதாக இசைந்திருக்கிறார். கையால் தொடாமல் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.